கேளாத வெடி



இலக்கியத் தொடரிலே காமாக் கதிரைப் பற்றிப் பேச்சா என்று நீங்கள் வியக்கலாம். நான் வானியல் வல்லுநன் அல்லன். கரவெட்டியிலே தமிழ் கற்பிப்பவன். எனினும், சொல் பிசகினாற் பொருளும் பிசகும் என்ற கவலை தமிழாசிரியனுக்கு உண்டல்லவா?

காமாக் கதிர், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் இனமே. சத்தியோ பல்லாயிரம் மடங்கும் அதற்கு மேலும். வளிமண்டலம் அதனை உறிஞ்சிவிடுவதால், நேரே அறிவதற்குச் செய்மதி வேண்டும். தமிழகத்தார் இதனைச் செயற்கைக்கோள் என்பர். நாம் மீடிறன் எனக் கற்பிப்பது அவர்களுக்கு அதிர்வெண். சொல் இரண்டு, பொருள் ஒன்று. இரண்டையும் அறிந்த மாணவர் இடர்ப்படார். இடர் வேறிடத்தில் உள்ளது.

அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செய்மதிகள், 1967 யூலை 2 அன்று, விண்வெளியிலிருந்து வந்த காமாக் கதிர்களின் திடீர்ப் பெருக்கைப் பதிவுசெய்தன. 1973-இல் இச்செய்தி வெளியாயிற்று. இத்தகைய நிகழ்ச்சியைத் தமிழில் ‘காமாக் கதிர் வெடிப்பு’ என எழுதுகின்றனர்.

இதனை வாசித்த மாணவி ஒருத்தி, “அந்த வெடிச்சத்தம் எங்களுக்குக் கேளாதோ, சேர்?” என்றாள். வகுப்புச் சிரித்தது, நான் சிரிக்கவில்லை. ஒரு தலைமுறை வெடிச்சத்தத்தோடு வாழ்ந்த மண் இது. ‘வெடி’ என்றதும் இங்கே முதலில் விழிப்பது காதுதான். வெற்றிடத்திலோ ஒலி செல்லாது.

இன்னொன்றும் உண்டு. செய்மதி கண்டது கதிர்ப் பெருக்கை மட்டுமே. பெருவிண்மீன் இடிந்து வீழ்வதாலும், இரு நியூத்திரன் விண்மீன்கள் மோதி இணைவதாலும் இவை நேர்கின்றன என்பது பின்னர் அறிந்த காரணம். மோதலால் நேர்ந்த ஒன்றை 2017-இல் ஈர்ப்பலையோடு சேர்த்தே கண்டனர். காரணத்தையே பெயராக்கிவிட்டால், “ஏன்?” என்று கேட்கப் பிள்ளைக்கு இடமேது?

‘மின்னல்’ எனலாமா? 1991-இல் ஏவிய கொம்ரன் ஆய்வுகூடம், பூமியின் இடிமேகங்களிலிருந்தும் காமாக் கதிர் மின்னுவதைக் கண்டது. அப்பெயர் அதற்கே உரியது. ‘பொழிவு’ எனின், அண்டக் கதிர் வளியில் மோதி உண்டாக்கும் துகட்பொழிவோடு மயங்கும். ‘காமாக் கதிர்ப் பீறிடல்’ என்பது பொருந்தும் என்பேன். குழாய் உடைந்து நீர் பீறிடுவதை யாவரும் கண்டிருக்கிறோம்: திடீரெனத் தோன்றும், ஓங்கும், பின் அடங்கும். அதில் ஒலியை விடப் பாய்ச்சலே முதன்மை.

1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அதற்கென நூல்களை மொழிபெயர்த்தார், கலைச்சொற்களைத் திரட்டினார். நோயாளிக்கும் மாணவனுக்கும் விளங்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். அம்மரபு நம்முடையது. பௌதிக ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்தால் அது தொடரும். சொல்லைப் படைத்தபின், அதை ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். அவள் கேட்கும் கேள்வியே அச்சொல்லுக்கு உரைகல்.