காதற் சட்டகமும் குற்றாலக் குறவஞ்சியும்



இளைஞர்க்கென ஆங்கிலத்தில் எழுதப்பெறும் மாயப் புனைவு நாவல்கள் குறித்து ஒரு சலிப்புக் குரல் எழுந்துள்ளது. சலித்துக்கொள்வோர் திறனாய்வாளர் மட்டுமல்லர். அவற்றை விரும்பிப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுந்தாம். 2005-இல் வெளிவந்த ஸ்டெஃபனி மேயரின் ‘ட்விலைட்’ நாவலில் ஒரு பெண்ணை இரத்தக் காட்டேரி ஒருவன் விரும்புகிறான்; அடுத்த நூலில் ஓநாயாக உருமாறும் இளைஞனும் போட்டிக்கு வந்துவிடுகிறான். 2008-இல் வந்த சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ பசியையும் ஆட்சிக் கொடுமையையும் பேசவந்த கதை. அங்கும் நாயகிக்கு இருபுறமும் இரண்டு இளைஞர்கள். பின்வந்தோர் பலர் பசியை விட்டுவிட்டு இளைஞர் இருவரை மட்டும் எடுத்துக்கொண்டனர். யார் யாரைச் சேர்வர் என்பதை முதற் சில அதிகாரங்களிலேயே பிள்ளைகள் சொல்லிவிடுகின்றனர்.

தமிழுக்கு இந்தச் சலிப்பு புதியதன்று. உலா நூல்களை அடுக்கிவைத்துப் படித்தோர் அதனை நன்கறிவர். தலைவன் வீதியில் வருவான்; பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவகைப் பருவ மகளிரும் கண்டு மயங்குவர். ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்க்கும் பாடியபோது அந்தப் பவனியில் ஒரு பேரரசின் முழக்கம் இருந்தது. பிற்காலத்தில் பாட்டுடைத் தலைவன் சிற்றூர்ச் செல்வனாகச் சுருங்கினான். மகளிர் மயக்கம் மட்டும் சிறிதும் சுருங்கவில்லை!

குறவஞ்சியும் அவ்வழியே வந்தது. பவனி, பந்தாட்டம், கண்டதும் காதல், நிலவைப் பழித்தல், தோழியைத் தூதனுப்பல், குறத்தி வருகை, கைபார்த்துக் குறி சொல்லல் என்று வரிசை முன்கூட்டியே தெரியும். தஞ்சைச் சரபோசி மன்னருக்குச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி எழுந்தது. அதே தஞ்சையில் வேதநாயக சாத்திரியார் 1800-இல் பாடிய பெத்லகேம் குறவஞ்சி, கிறித்தவத் திருச்சபையையே தேவமோகினி என்னும் தலைவியாக்கிற்று. சமயம் மாறியும் சட்டகம் மாறவில்லை.

இனித் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்துக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் புதுமை வேட்டையாடியவர் அல்லர். குற்றாலத்தின்மீது தலபுராணம், மாலை, யமக அந்தாதி, உலா என மரபு வகுத்த வகைகளிலேயே பாடியவர். அவருடைய குறவஞ்சியிலும் மேற்சொன்ன வரிசையில் ஒன்றும் தப்பவில்லை. முத்துவிசயரங்கச் சொக்கநாத நாயக்கர் அதற்குப் பரிசாக நிலம் வழங்கினார் என்றும், அது குறவஞ்சி மேடு எனப் பெயர்பெற்றது என்றும் கூறுவர். 1944-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவின் முதல் நாட்டிய நாடகமாகத் தேர்ந்ததும் இந்நூலையே. இத்தனை குறவஞ்சிகளுள் இஃது ஒன்று மட்டும் மக்கள் நாவில் நின்றது எவ்வாறு?

வசந்தவல்லியின் காதலால் அன்று என்று துணிந்து கூறலாம். அவள் பந்தாடும் பாட்டின் சந்தம் துள்ளுவது மெய்யே. ஆனால் நிலவைப் பழிக்கும் இடத்தில் அவளுக்கும் பிற குறவஞ்சித் தலைவியர்க்கும் வேற்றுமை காண்பது அரிது. குறத்தி வந்து தன் மலையைச் சொல்லத் தொடங்கியதும் நூல் விழித்துக்கொள்கிறது. மந்திக்குக் கடுவன் கனி கொடுக்கிறது. தேனருவியின் திரை வான்வழி ஏறிக் கதிரவனின் குதிரைக் கால்களையும் தேர்ச் சக்கரத்தையும் வழுக்கச் செய்கிறது. சாரல் நாளில் அருவிக்கரைப் பாறையில் கால்வைத்துத் தடுமாறியவர்க்கு இஃது உயர்வு நவிற்சியாகவே தோன்றாது.

அதற்காகப் பழைய சட்டகம் வீண் என்றும் தள்ளிவிட இயலாது. தலைவி நோயுற்றால்தானே குறத்திக்கு மாளிகைக்குள் நுழைய வழி கிடைக்கும்? கவிராயர் மரபுக்கு உரியதை மரபுக்குக் கொடுத்துவிட்டுத் தம் மனத்தை வேறிடத்தில் வைத்தார். மேலைநாட்டு நாவலாசிரியர் பலர் செய்யத் தவறியது இதுவே. இரண்டு இளைஞர் வருவது குற்றமன்று. அவ்விருவரைத் தவிர அந்த மாய உலகத்தில் காண ஒன்றுமில்லாமற் போவதே குற்றம். நிலவும் மல்லிகையும் பேருந்து நிறுத்தமும் கொண்டு இன்று காதற்கவிதை எழுதும் நம்மவர்க்கும் இது பொருந்தும்.

மற்றொன்று, இந்நூலின் உண்மையான காதற்கதை வசந்தவல்லியுடையதே அன்று. அது சிங்கன் சிங்கியருடையது. இவர்கள் கண்டதும் காதல் கொள்பவர் அல்லர். மணமாகிப் பழகிய இணையர். சிங்கி ஊர் ஊராகச் சென்று குறி சொல்லிப் பொருள் ஈட்டுபவள். கண்ணி வைத்துப் பறவை பிடிக்க வந்த சிங்கன் அவளைக் காணாது புலம்பித் திரிகிறான். குற்றாலத்து வீதியில் ஒருவழியாகக் கண்டால், அவள் உடம்பெல்லாம் அவன் அறியாத அணிகலன். கணவன் மனத்தில் ஐயம் எழ வேறென்ன வேண்டும்? ஆனால் அவன் நேரே கேட்கவில்லை. காலிலே விரியன் பாம்பு கிடப்பது ஏன் என்கிறான். சேலத்துப் பக்கம் குறி சொன்னதற்குக் கிடைத்த சிலம்பு என்கிறாள் அவள். வாழைக் குருத்தை மடித்துச் சுற்றியது யார் என்கிறான். நெல்வேலியார் தந்த சேலை என்கிறாள். ஒவ்வொரு நகையும் ஒவ்வோர் ஊரில் உழைத்துப் பெற்ற கூலி. அவனுடைய அறியாமையும் பொறாமையும் அச்சமும், அவளுடைய பெருமிதமும் விளையாட்டும் அந்த வினாவிடையில் ஒருங்கே இயங்குகின்றன. அடுத்த விடை என்னவாக இருக்கும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

கேட்டுக் கேட்டு ஐயம் தணிந்த சிங்கன், அந்த வீதியிலேயே அவளைத் தழுவி முத்தமிட விழைகிறான். பட்டப்பகலில் அதெல்லாம் ஆகாது என்று தடுத்துவிடுகிறாள் சிங்கி.