சொறிநாய் என்று விரட்டும் முன்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘சொறிநாய்’ என்பது நம் ஊரில் வசவு. அதனால்தானோ என்னவோ, கேட் அருகே முடி கொட்டிய நாயைக் கண்டால் எப்படி விரட்டுவது என்றுதான் முதலில் பேசுகிறோம். அது மருந்துக்குத் தீரும் நோய்.

சொறிக்குக் காரணம் மைட் என்னும் நுண்பூச்சி. உண்ணியைப் போல் கண்ணுக்குத் தெரியாது. முக்கியமாக இரண்டு வகை உண்டு.

முதலாவது சார்கோப்டிஸ். தோலைக் குடைந்து முட்டையிடும். அரிப்பு தாங்க முடியாது. காது ஓரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் முதலில் முடி கொட்டும். மற்ற நாய்களுக்கு வேகமாகத் தொற்றும். தொட்டுக் கொஞ்சும் நமக்கும் சிவந்த தடிப்பு வரலாம். ஆனால் இந்தப் பூச்சி நம் தோலில் நிலைத்துப் பெருகாது. நாய் குணமானால் நமக்கும் பொதுவாக அடங்கிவிடும். அரிப்பு நீடித்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டாவது டெமோடெக்ஸ். பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வருவது. பல நாய்களின் உடலில் தொந்தரவில்லாமல் இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறையும்போது பெருகி, கண்ணைச் சுற்றியும் முன்காலிலும் திட்டுத்திட்டாக முடி கொட்டும். இது நமக்குத் தொற்றாது. இந்த நாயை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லட்டும்.

வேஸ்ட் ஆயில், மண்ணெண்ணெய், ஃபினாயில் எதையும் தடவாதீர்கள். நாய் நக்கினால் விஷம். அரிப்புக்கு நீங்களாக ஸ்டீராய்டு கொடுக்காதீர்கள். டெமோடெக்ஸ் இருந்தால் முற்றிவிடும். ஐவர்மெக்டின் ஊசி கோலி போன்ற இனங்களுக்கு ஆபத்து. இன்று அஃபாக்சோலானர், ஃப்ளூராலானர் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை எடை பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

சார்கோப்டிஸ் என்றால் வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுங்கள். படுக்கைத் துணியை வெந்நீரில் துவையுங்கள். முட்டை பூச்சியாகி மறுபடி முட்டையிட ஏறக்குறைய 3 வாரம் ஆகும். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தினால் திரும்ப வரும்.

கேட் அருகே இருக்கும் நாய்களுக்குத் தினமும் சோறு வைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையை அந்தச் சோற்றில் வைத்துக் கொடுக்க அவர்களால்தான் முடியும். செலவை நாம் பகிர்ந்துகொள்வோம். ஒரு நாயை விரட்டினால் அது அடுத்த தெருவுக்குச் சொறியைக் கொண்டுபோகும். குணப்படுத்தினால் நம் வீட்டுச் செல்லங்களுக்கும் அதுவே பாதுகாப்பு.