திக்கற்ற பிள்ளைகளும் நமது வேலையும்

(செங்கற்பட்டில் கூடிய தோழர்கள் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் இதே செங்கற்பட்டில்தான் முதலாவது சுயமரியாதை மகாநாடு கூடி, ஜாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தது. அதைப் பெருமையாய்ச் சொல்லிக்கொள்ளுகிறோம். ஆனால் தாய் தகப்பனில்லாத ஒரு பிள்ளையைக் கண்டவுடன் நம்மவர் முதலில் என்ன கேட்கிறார்கள்? "சாப்பிட்டாயா, படிக்கிறாயா" என்றா? "என்ன ஜாதியோ, யார் பெற்றதோ" என்றுதானே! அடுத்தபடி, "போன ஜன்மத்துப் பாவம்" என்கிறார்கள். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுமத்திராவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் பூமி நகர்ந்து, இக்கரையோரத்துக் குப்பங்களிலெல்லாம் அலை புகுந்ததே, அதற்குத் தொட்டில் குழந்தை என்ன பாவம் செய்திருக்கும்?

நிற்க, தர்மவான்கள் சங்கதியைப் பார்ப்போம். பிறந்த நாள், திவசம் என்றால் பிள்ளைகள் இல்லத்திற்கு ஓர் அண்டா சாம்பார் சாதம் போகிறது. பிள்ளைகள் வரிசையாய் நின்று கைகூப்ப வேண்டும், போட்டோவும் எடுக்கப்படும். சாப்பாடு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு பின்னக் கணக்குத் தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்கு அந்த அண்டா என்ன செய்யும்? ஊரும் பள்ளியும் மாறி மாறிப் பாதிப் பாடத்தை விட்டவனை மூளையில்லாதவன் என்பது சோம்பேறிப் பேச்சு. வீட்டுப் பிள்ளை தப்பாய்ப் போட்டால் தாயோ தமையனோ பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறார்கள். இவனுக்கு அந்த ஆள்தான் இல்லை. கொரோனாவுக்குப் பின் 2021-ல், மரக்காணத்துப் பக்கம் முதலியார்குப்பத்தில் "இல்லம் தேடிக் கல்வி" ஆரம்பிக்கப்பட்டு, ஊர்ப் பெண்களே மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அதைச் செய்யப் பெரிய பண்டிதர் தேவைப்படவில்லை.

அன்றியும், இவர்களுக்காகப் பேச ஆள் வேண்டும். அதே 2021-ல் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில், பூஞ்சேரி நரிக்குறவர் பெண்ணொருவருக்குப் பந்தியில் இடமில்லையென்று விரட்டினார்கள். அவர் வாய் திறந்து கேட்டார். மந்திரி வந்து கூட உட்கார்ந்து சாப்பிட்டார். முதல் மந்திரி பூஞ்சேரிக்கே போனார். கேட்கத் தெரியாத எட்டு வயதுப் பிள்ளைக்கு யார் வருவார்?

நமது சர்க்காரின் பிற்பட்ட வகுப்பார் பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, ஆதரிப்பாரின்றி, அரசாங்கம் நடத்துகிற அல்லது அங்கீகரித்த இல்லத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கும் அதில் இடமிருக்கிறது. ஜாதிப் பட்டியலில் ஜாதி தெரியாதவனுக்கு இடம்! ஆனால் அந்தச் சர்டிபிகேட்டுக்காகத் தாசில்தார் ஆபீசுக்கு நாலு தரம் நடப்பவர் யார்? 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தில், வளர்ப்புக் குடும்பத்தில் பிள்ளையை விடவும், 18 வயதில் இல்லத்தை விட்டு வெளியேறுகிறவனுக்கு 21 வயது வரை உதவவும் வழியிருக்கிறது. மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழுவும் இருக்கிறது. கேட்பவன் இல்லாவிட்டால் எல்லாம் பீரோவில் கிடக்கும்.

வெளியார் கண் படாத சுவருக்குள் என்ன நடக்குமென்பதற்கு இந்த ஊரே சாட்சி. 2022-ம் வருஷம் டிசம்பர் கடைசியில் இங்குள்ள கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுப் பையன் அடிபட்டுச் செத்தான். ஊழியர் ஆறு பேர் கைதானார்கள்; நீதிபதி சந்துரு விசாரித்து 2023-ல் அறிக்கை கொடுத்தார். அது குற்றஞ்சாட்டப்பட்ட பிள்ளைகளின் இல்லம், வேறு வகை என்பீர்கள். சுவர் ஒன்றுதான்.

"யார் பெற்ற பிள்ளைக்கோ நமக்கென்ன" என்கிறவர்கள் திருச்சி நாகம்மையார் இல்லத்தைப் போய்ப் பார்க்கட்டும். பெற்றவர் விட்டுப்போன குழந்தைகளுக்குத் தங்கள் பெயரையே முதலெழுத்தாகக் கொடுத்துப் பெரியாரும் மணியம்மையாரும் வளர்த்தார்கள்.

வாரத்தில் இரண்டு மாலை வரக்கூடியவர்கள் மாத்திரம் பெயர் கொடுங்கள்; ஒரு மாதம் வந்து நிற்பவர்கள் வரவே வேண்டாம், அப்பிள்ளைகளை விட்டுப்போனவர்கள் ஏற்கெனவே போதும். இல்லத்தின் அனுமதியும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதியும் பெற்றே போக வேண்டும். விபூதியும் வேண்டாம், நம் பிரசாரமும் வேண்டாம். கணக்கும் இங்கிலீஷும் தமிழும் போதும். தாசில்தார் ஆபீசுக்கு நடக்கக்கூடியவர்கள் தனியாய் எழுதிக் கொடுங்கள். காகிதம் மேஜையில் இருக்கிறது.