மதுரைப் பாதம்

வெறுங்காலோடு வயலில் உழைப்பவரின் பாதத்தில் முள் தைக்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிரும் உடன் புகுகிறது. வலி மிகுதியாக இராமையால் ஆண்டுக்கணக்கில் கவனியாது விடுகிறார்கள். பாதம் வீங்கிப் புரையோடிச் சீழுடன் சிறுமணிகள் வெளிப்படுகின்றன.

1842-இல் கில் என்னும் மருத்துவர் மதுரையில் இந்நோயைக் கண்டு எழுதினார். காரணம் பூஞ்சணமே என்று 1860-இல் பம்பாயிலிருந்து கார்ட்டர் கூறினார். அது பாதி உண்மையே. அதே வீக்கத்தைப் பாக்டீரியாவும் உண்டாக்கும். அப்பூஞ்சணங்களுள் ஒன்று மதுரெல்லா. பாக்டீரியாக்களுள் ஒன்று ஆக்டினோமதுரா. இரண்டிலும் நம் ஊரின் பெயர், பெருமைப்படுவதற்கில்லை!

மணி கரியதாயின் பூஞ்சணம், சிவந்ததாயின் பாக்டீரியா, வெண்மையாயின் உருப்பெருக்கியிலிட்டுத் தெளியவேண்டும். பாக்டீரியாவாயின் மருந்தாலேயே பெரும்பாலும் குணமாகும். பூஞ்சணமாயின் நெடுநாள் மருந்தோடு அறுவையும் வேண்டியிருக்கும். காலந்தாழ்த்தினால் பாதத்தையே இழக்க நேரும்.