மாலைப் பசிக்குச் சாறு போதுமா?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் நமக்கு இலக்கியத் தலைப்பே வாய்க்கும். இவ்வாண்டு மகளிர் குழுவினர் வேறொன்றைக் கையில் தந்துவிட்டனர். "இரவுக்குச் சூப்பு மட்டும் குடித்தால் போதுமா? வயிறு நிறையுமா?" என்பதே அவர்கள் எழுதியனுப்பிய வினா. தாளைப் படித்ததும் செயலாளர் சிரித்தார், நாமும் சிரித்தோம். வீடு சென்று விளக்கை ஏற்றி அமர்ந்து எண்ணியபோது அச்சிரிப்பு நில்லாமல் போயிற்று. வினாவை எழுதிய கைகள் விடியுமுன் ஜீப்பில் நெருங்கியமர்ந்து ஏலக்காட்டுக்குச் சென்று காய் எடுக்கும் கைகள் என்பது அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது.

சூப்பு என்னும் சொல் கடல் கடந்து வந்தது. பொருள் நமக்குப் புதியதன்று. வெள்ளையர் சென்னையில் வாழ்ந்த காலத்தில் உணவின் தொடக்கத்தில் சூப்பு வேண்டும் என்று பிடிவாதம் செய்தனர். நம் சமையற்காரர் தாம் அறிந்த மிளகு தண்ணீரில் இறைச்சியும் பிறவும் சேர்த்து மேசைமேல் வைத்தனர். அதுவே 'முல்லிகாட்டானி' என்ற பெயருடன் இன்றும் சீமை உணவுப் பட்டியல்களில் உலவுகிறது. கஞ்சி என்ற நம் சொல்லும் அவ்வாறே ஆங்கிலத்தில் குடியேறியது. படைப்பிரிவுகளில் குற்றம் செய்த சிப்பாயை அடைத்து வைத்த அறைக்குக் 'கஞ்சி ஹவுஸ்' என்று பெயர் வழங்கியதாக, 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் சொற்களஞ்சியம் கூறுகிறது. உள்ளே இருப்பவனுக்குக் கஞ்சியே உணவு என்பதால் வந்த பெயராம். ஒருவருக்கு விருந்தின் முன்னுரை, மற்றொருவருக்குத் தண்டனை. கிண்ணத்தில் இருப்பதோ ஏறத்தாழ ஒன்றுதான்!

ஆகவே முதலில் கிண்ணத்தை மறந்து, அதை ஏந்தியிருப்பவர் யார் என்று பார்ப்போம்.

உடற்கூற்று நூலார் கூறுவது இது. தனி நீர் இரைப்பையில் தங்குவதில்லை. அதில் பாதி அரை மணிக்குள் குடலுக்கு இறங்கிவிடும். சோறும் பருப்பும் போன்ற திட உணவு இறங்க மணிக்கணக்காகும். தெளிந்த சாற்றைக் குடித்தவுடன் வயிறு விம்முவதும், ஊர் உறங்கும் வேளையில் மீண்டும் வயிறு கிள்ளுவதும் இதனாலேயே. ஆயினும் காயும் பயறும் மசிந்து கெட்டியாக நிற்கும் சாறு சற்று நேரம் தங்கும். கூழ் குடித்த உழவன் உச்சிவேளை வரை ஏர் பிடித்ததன் மறைபொருள் இதுவே.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2007-இல் வெளியிட்ட ஆய்வொன்று சூப்பு விற்போருக்கு மிகவும் பிடித்தமானது. நண்பகல் உணவுக்கு முன் சூப்பு குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிட மொத்தத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாக உண்டனர் என்பது அதன் முடிவு. நன்று. ஆயின் அங்கே சூப்புக்குப் பின் ஓர் உணவு காத்திருந்தது என்பதை மறத்தலாகாது. மிகுதியாக உண்பவரைக் குறைவாக உண்ணச் செய்யச் சூப்பு பயன்படும் என்று அவ்வாய்வு காட்டிற்று. உணவின் இடத்தில் சூப்பு அமரலாம் என்று காட்டவில்லை. கடையில் நாள் முழுதும் அமர்ந்து தொந்தி வளர்த்த நம் போன்றோர்க்கு அது நல்ல செய்தி. நாள் முழுதும் குனிந்து ஏலச்செடியின் அடியில் காய் பறித்த பெண்ணுக்கு அது என்ன செய்தி?

கணக்குப் பார்ப்போம், கணக்குக்கு அஞ்ச வேண்டா. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் தந்த அளவின்படி, மிதமான உழைப்புடைய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2,130 கலோரியும், கடும் உழைப்புடைய பெண்ணுக்கு 2,720 கலோரியும் தேவை. இரவு உணவு மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால் எழுநூறு முதல் தொள்ளாயிரம் வரை ஆகும். ஒரு கோப்பைத் தெளிந்த காய்கறிச் சூப்பில் ஐம்பது முதல் நூறு கலோரி கிடைத்தால் பெரிது. ஏழு கோப்பைக்குக் குறையாமல் குடிக்க வேண்டும்! குடித்தவர் உறங்குவது எப்போது?

இந்நிறுவனத்தின் வேர் நம் தமிழ்நிலத்தில் ஊன்றியது என்பதை இடையே சொல்லிவிடுகிறோம். 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்பார் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து இந்நிலை எய்தியது. இந்திய நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவர் எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் கீரையும் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசியே பெரும்பகுதியான சென்னை மாகாண உணவை உண்ட எலிகள் கடைவரிசையில் நின்றன. அரிசி நஞ்சு என்பதன்று இதன் பொருள். அரிசியுடன் சேர வேண்டியவை சேரவில்லை என்பதே பொருள்.

அதற்கும் முன்னே இவ்வழக்கு ஒருமுறை நாடறிய நடந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பாழாக்கிய தாது ஆண்டுப் பஞ்சத்தைப் பாட்டிமார் கதையில் கேட்டிருப்பீர்கள். ஊர்தோறும் கஞ்சித் தொட்டிகள் எழுந்தன. உதவிப் பணியில் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாக் காசும் போதும் என்று 1877-இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். ஒரு பவுண்டு என்பது நாநூற்றைம்பது கிராம். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராய் இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து நின்றார். ஒன்றரைப் பவுண்டுக்குக் குறையலாகாது, காய்கறியும் பருப்பும் உடன் வேண்டும் என்று வாதிட்டார். மார்ச்சுத் திங்களில் சென்னை அரசு அவர் கேட்டதில் பாதித் தூரம் இறங்கி வந்தது: ஒன்றே கால் பவுண்டு தானியம், ஒன்றரை அவுன்சு பருப்பு. ஓர் அரசாங்கம் ஒன்றரை அவுன்சு பருப்புக்காகப் பேரம் பேசிய காலம் அது. தொட்டியில் ஆவி பறந்தது; வரிசையில் நின்றவன் கையில் கிண்ணமும் நிறைந்தது. நிறைந்த கிண்ணத்துடனேயே மாந்தர் பல இலக்கம் பேர் மடிந்தனர்.

அதே 1877-இல்தான் மன்றோ என்னும் வெள்ளையர் பூஞ்சாற்று அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பஞ்சம் தின்ற சமவெளியிலிருந்து கூலிக்கு ஆள் ஏறிய மலைகள் இவை. நம்மில் பலரின் கொள்ளுப்பாட்டனார் மூட்டையில் கட்டி வந்தது சிறு கேழ்வரகுப் பொதியாகவே இருந்திருக்கும்.

கேழ்வரகென்றதும் ஒரு சொல். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது பெயரளவுக்கே. 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த வழியே கிழக்கே இறங்கியது. கம்பம் பள்ளத்தாக்கு பச்சை நெல்லாடை உடுத்தியது. நாமும் மெல்லக் கூழை மறந்து வெண்சோற்றுக்காரர் ஆனோம். பென்னிகுயிக்கு நாம் நன்றி சொல்லுவோம்; கேழ்வரகு மட்டும் அவர்மேல் குறை சொல்லக்கூடும்.

இனிச் சொல்லப்போவது நம் வீட்டுச் செய்தி. எம் அன்னையார் இருபத்தைந்து ஆண்டுகள் ஏலத்தோட்டத்தில் உழைத்தவர். காலையில் கட்டன் சாயா, உச்சியில் தூக்குவாளிச் சோறு. மாலையில் திரும்பி எங்கள் ஐவருக்கும் உலை வைப்பார். சோற்றை வடித்து எங்களுக்கு இட்டபின், வடித்த கஞ்சியில் ஒரு கல் உப்புப் போட்டு நின்றபடியே குடிப்பார். "அம்மா, உனக்கு?" என்றால், "எனக்கு நெறஞ்சிருச்சுய்யா, நீ சாப்பிடு" என்பார். நாங்கள் அதை நம்பினோம். சிறுவர் நம்பினர் என்றால் பிழையில்லை. இருபது வயது கடந்தும் நம்பினோம் என்பதுதான் எம்மை இன்றும் உறுத்துகிறது. வடிகஞ்சியில் மாவும் சிறிது உயிர்ச்சத்தும் இறங்குவது உண்மையே. அதனால்தான் அதைக் கொட்டுதல் வீண். ஆயின் பசிக்கு அது விடையன்று. பிற்காலத்தில் மருத்துவர் அன்னையாரின் குருதியைச் சோதித்து, இரும்புச் சத்து மிகக் குறைந்திருக்கிறது என்றபோது, அந்நிறைவு எத்தகையது என்று தெரிந்தது.

எனவே "வயிறு நிறையுமா?" என்று நம் பெண்டிர் கேட்கும்போது நாம் அஞ்சுகிறோம். உண்மையாகவே ஐயம் கேட்கிறாரா, அல்லது போதும் என்று பழகிக்கொள்ள நம்மிடம் ஒப்புதல் கேட்கிறாரா?

முதியோர் குறித்தும் பேச வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளும் சிலர், "இராத்திரிக்குச் சூப்பு மட்டும்" என்று தாமே தீர்மானித்துவிடுகின்றனர். சென்ற மழைக்காலத்தில் எம் அண்டை வீட்டுப் பெரியவர் அவ்வாறே வழக்கமான மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு கிண்ணம் தக்காளிச் சாற்றுடன் படுத்தார். விடியற்காலையில் வியர்வையில் நனைந்து பேச்சற்றுக் கிடந்தார். சர்க்கரை மிகவும் கீழிறங்கிவிட்டது. வளைவு வளைவான மெட்டுச் சாலையில் மூடுபனியில் ஜீப்பை ஓட்டிச் சென்ற இளைஞரை எண்ணினால் இன்றும் கை குவிகிறது. பெரியவர் பிழைத்தார், இதோ முன்வரிசையில் அமர்ந்து தலையசைக்கிறார்! மருந்தின் அளவு உணவின் அளவோடு கட்டுண்டது. உணவைக் குறைக்க விரும்புவோர் முதலில் மருத்துவரைக் கேட்டு மருந்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். தாமே முடிவு செய்தல் ஆகாது. வள்ளுவர் 'மருந்து' என்று பெயரிட்ட அதிகாரத்தில் பாதிக்கு மேல் உணவின் அளவையும் காலத்தையுமே பேசினார் என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது.

பொட்டலச் சூப்பைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது. பல பொட்டலங்களில் ஒரு கோப்பைக்கே ஒரு கிராமுக்கு மேல் வந்துவிடும். குருதியழுத்தக்காரர் உறையின் பின்புற எழுத்தைக் கண்ணாடி அணிந்து படிப்பாராக.

அப்படியானால் சூப்பை விலக்கிவிடலாமா என்று ஒரு தாயார் கேட்கிறார். வேண்டா அம்மா. தென்மேற்குக் காற்று கூரையைப் பிய்க்கும் இம்மலையில், நனைந்து வந்தவருக்குச் சூடாக ஒன்று குடிக்கத் தருவதைவிட இனியது எது? கிண்ணத்தில் பொருள் இருக்க வேண்டும், அவ்வளவே. எல்லைக்கு இப்பால் மலையாள மக்கள் கஞ்சியும் பயறும் உண்கின்றனர். நம்மோடு ஒரே தோட்டத்தில் உழைக்கும் அவர்களிடம் இதைக் கற்றுக்கொள்வதில் தமிழுக்கு இழுக்கொன்றும் இல்லை. எழுபத்தைந்து கிராம் புழுங்கலரிசிக் கஞ்சியில் நாற்பது கிராம் பாசிப்பயறு வெந்து சேர்ந்தால் நாநூறு கலோரியும், பதினைந்து கிராம் புரதமும் வந்துவிடும். வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி சேர்ந்தால் ஐந்நூற்றைம்பது. அவித்த முட்டை ஒன்று சேர்ந்தால் புரதம் இன்னும் ஆறு கிராம் கூடும். கடும் உழைப்பாளி இதன்மேல் ஒரு துண்டு அவித்த மரவள்ளிக்கிழங்கையும் மீன்குழம்பையும் வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். முருங்கைக்கீரையை இறக்குமுன் போடுங்கள்; எலுமிச்சை பிழியுங்கள், கீரையின் இரும்புச் சத்து உடலில் சேர அது துணை செய்யும். இரவில் வேறெதுவும் இன்றி இதையே குடித்துப் படுக்கலாம். இதைச் சூப்பு என்று அழைக்க விரும்புவோர் அழைத்துக்கொள்ளட்டும்; பெயருக்காகச் சண்டையிட நம்மிடம் நேரமில்லை.

நம் நேரம் முடிந்ததென்று செயலாளர் மணியைத் தொடுகிறார். ஓர் அறிவிப்பு மட்டும். பந்தலுக்குப் பின்புறம் பெரிய அண்டாவில் அத்தகைய கஞ்சியே கொதிக்கிறது. தேங்காய்த் துவையலும் கடலையும் உண்டு. இவ்வாண்டு பந்தியில் முதல் வரிசை தாய்மார்களுக்கு என்று குழு முடிவு செய்திருக்கிறது. பரிமாறுவோர் ஆடவர், எமக்குக் கரண்டி கிடைத்திருக்கிறது. "எனக்குப் போதும்" என்று யார் சொன்னாலும் இரண்டாம் முறை ஊற்றுவது என்று தீர்மானம். அண்டாவை இறக்கியாயிற்று என்று சமையற்காரர் கை காட்டுகிறார்.