கையும் காலும் சொல்லித்தரும் பாட்டு



பாட்டு எங்கே இருக்கிறது? வாயில் இருக்கிறது என்பார்கள். அது பாதிதான் சரி. பாட்டு கையிலும் இருக்கிறது. காலிலும் மூச்சிலும் இருக்கிறது.

இந்தத் தீவுகளின் ஆதிவாசிகளான பெரிய அந்தமானியரைப் பாருங்கள். 1906 முதல் 1908 வரை ராட்கிளிஃப் பிரவுன் என்ற ஆங்கிலேய அறிஞர் இங்கே தங்கினார். அவர்கள் வாழ்க்கையைப் பார்த்து எழுதினார். படகு குடையும்போதும் துடுப்புப் போடும்போதும் ஓர் ஆண் சொந்தமாகப் பாட்டுக் கட்டுவான். மெல்லப் பாடிப் பாடிச் சரி செய்வான். ஆட்டம் நடக்கும் முன்பு ஓரிரு பெண்களுக்கு அதைச் சொல்லித் தருவான். ஆட்டத்தின்போது பெண்கள் காலை நீட்டி உட்காருவார்கள். தொடையில் தட்டிக்கொண்டே பின்பாட்டுப் பாடுவார்கள். தாளத்துக்கு ஒரு மரப்பலகை உண்டு. அதைக் காலால் தட்டுவார்கள். ஏடும் எழுத்தும் இல்லாமலே பாட்டுப் பரவியது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் பாட்டும் இப்படித்தான். கும்மியில் சிறுமி முதலில் வட்டத்தில் நிற்பாள். பெரியவர்களைப் பார்த்துக் கை தட்டுவாள். பிறகு குனிந்து நிமிர்ந்து அடி வைப்பாள். சொல் கடைசியில் தானாக வரும். தாலாட்டின் வேகம் தொட்டில் ஆடும் வேகம். கயிறு இழுப்பவர்களின் ஏலேலோ பாட்டில் ஒருவர் பாடுவார். மற்றவர்கள் பதில் சொல்லும்போது சேர்ந்து இழுப்பார்கள். உட்கார்ந்து சொல்லச் சொன்னால் அடி மறந்துபோகும். கை அசைந்தால் நினைவு வரும்.

பெரிய அந்தமானியர் மொழிகளில் ஒன்று போ. அதைப் பேசிய கடைசிப் பெண்மணி போவா 2010 ஜனவரியில் காலமானார். மொழி அறிஞர் அன்விதா அப்பி அவர் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்திருந்தார். அதனால் குரல் இன்றும் கேட்கிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, இப்படித் தட்டு என்று காட்ட அந்தப் பாட்டி இல்லை.

உங்கள் வீட்டுப் பாட்டி இருக்கிறாரா? காலம் தாழ்த்த வேண்டாம். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். அவர் பாட்டை நோட்டில் எழுதுங்கள். கை தட்டும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். எந்த வேலையின்போது பாடியது என்றும் எழுதுங்கள். நோட்டு சொல்லைக் காக்கும். அடியையும் தாளத்தையும் காக்க ஆள் வேண்டும். ஆகவே பாட்டியையும் பேத்தியையும் ஒரே வட்டத்தில் நிறுத்துங்கள்.