நகம் கிள்ளும் சத்தம்

வானொலிக்காரனுக்குச் சோறு போடுவது சத்தம். தறிச் சத்தம், கொல்லன் பட்டறைச் சம்மட்டி, குயவன் சக்கரம் என்று ஊர் ஊராகப் பதிவு செய்தவன் நான். ஆனால் ஒலிவாங்கியை நீட்டிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது ஒரே இடத்தில்தான். அது மாத்தளை மாவட்டத்து ஹபுவிட கிராமம்.

என்னை அங்கே இழுத்துப் போனது ஒரு சொல். காலி, வெலிகம பக்கம் ரேந்தை பின்னும் பெண்கள், நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகளைத் தலையணை மேல் மாற்றி மாற்றிப் போடுவார்கள். அந்தக் கட்டைக்குப் பெயர் பீரளு. சிங்களத்தில் கடைசல் பிடித்துச் செய்யும் அரக்கு வேலைக்கும் ‘பீரளு வெட’ என்று பெயர். ரேந்தைக்கும் அரக்குக்கும் ஒரே சொல்லா என்று விசாரிக்கப் போனேன். அங்கே பார்த்ததோ கடைசலே இல்லாத இன்னொரு வகை. அதன் பெயர் ‘நியபொத்து வெட’. தமிழில் சொன்னால் நக வேலை.

அரக்கு நமக்குப் புதிதல்ல. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகை அரக்கு மாளிகை. அம்மாவின் கூறைச்சேலை அரக்கு நிறம். தபால் பொதிக்கு வைத்த முத்திரை அரக்கு. தட்டான் பொன் குண்டுக்குள் நிரப்புவதும் அரக்கே. மரக்கிளையில் ஒட்டி வாழும் சின்னப் பூச்சி கசியவிடும் பிசின் இது. இடித்துத் துணிப்பையில் போட்டுத் தணலில் காட்டிப் பிழிந்தால் உருகி வரும். அதை இழுத்து, மடித்து, தட்டித் தட்டி நிறம் சேர்ப்பார்கள். அந்தக் காலத்தில் சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம்.

இந்தக் கட்டங்களை இன்னும் விரித்துச் சொல்லலாம். நேரம் போதாது. எனக்கு ஆசையான இடத்துக்கு வந்துவிடுகிறேன்.

அங்கே தொழில் செய்யும் ஒரு பெரியவர் சட்டிக் கரியின் முன் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். சிவப்பு அரக்குக் குச்சியின் நுனியைத் தணலில் காட்டினார். இளகியதும் இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வந்தது ஒரு நூல்! நம் வீட்டில் பாகு பதம் பார்க்கக் கம்பி இழுப்போமே, அதுமாதிரி. மறுகையில் இலேசாகச் சூடேறிய கைத்தடி. அதன் மேல் நூலைப் படியவைத்து, வளைத்து, முடிய வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கிள்ளு. கத்தி இல்லை, கத்தரி இல்லை. சிவப்பின் பக்கத்தில் மஞ்சள், மஞ்சளின் பக்கத்தில் பச்சை. கொஞ்ச நேரத்தில் தடியின் மேல் ஒரு கொடி படர்ந்துவிட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். “நானும் ஒன்று இழுக்கட்டுமா?” என்று கேட்டேன். அவசரத்தில் இழுத்த நூல் அறுந்து விரலில் ஒட்டிக்கொண்டது. சூடு சுள்ளென்று ஏறியது. பெரியவர் சிரித்துவிட்டு, “ஹெமின், ஹெமின் மாத்தயா” என்றார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அவருடைய விரல் நுனியைத் தொட்டுப் பார்த்தேன். கன்றுக்குட்டியின் குளம்பு மாதிரி காய்த்திருந்தது.

கடைசியில் தாளிப்பனை ஓலைக் கீற்றால் தேய்த்தார். பளபளப்பு ஏறியது. கைத்தடி, விசிறிக் காம்பு, ஆலவட்டத்துக் கைப்பிடி, ஏட்டுச்சுவடியின் பலகை என்று இந்த நூல் ஏறாத பொருள் குறைவு. பௌத்த மறைநூல்களை முதன்முதலாக ஏட்டில் எழுதிய இடமென்று சொல்லப்படும் அலுவிகாரை இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர் ஒருவரையும் சொல்லாமல் விடக் கூடாது. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி இலங்கையில் கனிம ஆய்வுக்கு வந்தவர். கல்லைத் தேடிப் போன இடமெல்லாம் கைவினைஞர்களின் கையைப் பார்த்தார். 1908ல் அவர் வெளியிட்ட ‘மத்தியகால சிங்களக் கலை’ நூலில் ஹபுவிட நக வேலையும் இருக்கிறது. கையச்சில் அடித்தது 425 பிரதிகள்தான்.

சரி, என் பதிவுக்கு வருகிறேன். அரை மணி நேர நாடா. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் சேவல் கூவுகிறது, தூரத்தில் பஸ் போகிறது, நடுவில் ‘ஐயோ’ என்று நான் கத்துகிறேன். தொழிலைக் காணோம். காதை ஒட்டவைத்துக் கேட்டபோதுதான் பிடிபட்டது. ‘டிக்’. கொஞ்சம் பொறுத்து இன்னொரு ‘டிக்’. நகம் கிள்ளும் சத்தம். அந்தத் தொழிலின் முழுப் பாட்டும் அவ்வளவுதான்.

நேரம் முடிகிறது. பூச்சியின் பிசின், கரியின் சூடு, ஓர் ஆளின் நகம் என்று மூன்றே பொருள், அதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் ஐந்து தேரையும் பார்க்கப் போவீர்கள். பிள்ளைகளோடு தம்புள்ளை, சீகிரியா என்று வாகனத்தில் விரைவீர்கள். போகிற வழியில் ஒரு மணி நேரம் இந்தக் கைகளுக்கும் ஒதுக்குங்கள். படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். பேச்சை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் காது கொடுங்கள். அந்த ‘டிக்’ உங்களுக்கும் கேட்கும்.